கடையை இடித்துக் கட்டப் போகிறார்களாம். 36 வருஷ வாடகைக்காரருக்கு என்ன கிடைக்கும்?

ஹட்டன்_தையல்கடை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும் என்பதால் முழுதாகவே எழுதுகிறேன்.

அப்பா ஹட்டன் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். 1989இல் எடுத்த கடை. பத்தடி அகலம், உள்ளே இருபதடி. தகரக் கூரை, பின்னால் மண்மேடு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்று சொல்வார்கள். எடுக்கும்போது தரை வெறும் மண். சிமெண்ட் போட்டது அப்பா, முன்கதவை மாற்றியது அப்பா, மேலே துணி போட்டு வைக்கப் பலகைப் பரண் அடித்ததும் அப்பாதான். அப்போதிருந்த கட்டட முதலாளி நல்ல மனுஷன். எழுத்து எதுவும் கிடையாது. மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகையைக் கொடுத்தால் சின்ன ரிசீட் புத்தகத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தருவார். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இப்போது மூத்த மகன்தான் வந்து வாடகை வாங்குகிறார். மாதம் 18,000 ரூபாய்.

போன நவம்பரில் டித்வா புயல் மழை பெய்தபோது பின்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. விரல் நுழையாது, ஒரு ரூபாய்க் குற்றி நுழையும். ஜனவரியில் மகன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நாடா பிடித்து அளந்தார். நாலு மாடி கட்டப் போகிறாராம். "சித்திரைப் புத்தாண்டு முடிய விட்டுத் தாங்க அங்கிள். மூணு மாச வாடகை வேணாம், கையில அம்பதாயிரம் தாறேன். சட்டப்படி பார்த்தா ஒரு சதமும் தரத் தேவையில்லை, பழக்கத்துக்காகத்தான்" என்றார். அப்பா "சரி தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

அவருக்கு 67 வயது. வாடிக்கையாளர்கள் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பஸ் விட்டு இறங்கினால் கடை கண்ணில் படும். அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணியை எடுத்துக்கொண்டு, ஒரே லய வீட்டு வரிசையிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக வந்து நிற்பார்கள். அப்புறம் தீபாவளி. இந்த இரண்டு சீசன்தான் எங்கள் வருஷத்தைத் தூக்கி நிறுத்துகிறது. கடையில் ஒரு அளவுக் கொப்பி இருக்கிறது, இப்போது ஒன்பதாவது கொப்பி ஓடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒன்றாம் ஆண்டில் எடுத்த அளவும், அதே பிள்ளை கல்யாணத்துக்குத் தைத்த கோட்டின் அளவும் அதில் கிடக்கும். பெயர் இருக்கும், தோட்டம் இருக்கும், டிவிஷன் இருக்கும். போன் நம்பர் மட்டும் ஒன்றுகூட இருக்காது. ஆள் தானாக வரும்போது நம்பர் எதற்கு என்பார்.

பின்தெருவில் ஒரு கடை விசாரித்தேன். மாதம் 35,000, அட்வான்ஸ் 6 லட்சம். ஐம்பதாயிரத்தை வைத்துக்கொண்டு அங்கே கதவைக்கூடத் திறக்க முடியாது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். சட்டப்படி ஒன்றுமே கிடையாது என்று அவர் சொல்வது உண்மையா? எங்களுக்கு நியாயமாக என்ன கேட்கலாம்? அப்பா "சரி" என்று சொன்னதை மாற்ற முடியுமா?

கோர்ட்டு_வாசல்

மகள், நான் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் 22 வருஷம் கிளார்க்காக இருந்தவன். சட்டத்தரணி இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு அவசரமான விஷயம். இந்த மாத வாடகையைக் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் நாளைக்கே கட்டுங்கள். "மூணு மாச வாடகை வேணாம்" என்று அவர் சொன்னது வாயால். நாளைக்கு வழக்கு என்று வந்தால் தாளில் நிற்கப்போவது மூன்று மாத வாடகைப் பாக்கி மட்டும்தான். 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ் ஒருவரை இடத்தைவிட்டு எழுப்புவதற்கு வாடகைப் பாக்கியே ஒரு காரணம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ பேர் இந்தச் சலுகையை நம்பி மாட்டிக்கொண்டதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். அவர் வாங்க மறுத்தால், உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்றால், நகரசபையில் போய்க் கட்டலாம். அப்படிக் கட்டுவது சொந்தக்காரரிடம் கட்டியதற்குச் சமம்.

அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதுதான் உங்கள் கேள்வியின் ஆணிவேர். நகரசபைக்குப் போய் அந்தக் கட்டட இலக்கத்தின் சோலைவரி (சபைக்குக் கட்டும் கட்டட வரி) பதிவேட்டில் பழைய ஆண்டு மதிப்பு என்ன என்று கேளுங்கள். கடைகளுக்கு 1968 ஜனவரி 1ஆம் தேதி மதிப்பீட்டைத்தான் பார்ப்பார்கள். மாநகரசபை எல்லைக்குள் 6,000 ரூபாய்க்கு மேல், நகரசபை எல்லைக்குள் 4,000 ரூபாய்க்கு மேல் என்றால் அந்தக் கடை சட்டத்துக்கு வெளியே போய்விடும். உங்கள் கடை பத்துக்கு இருபது, பழைய கட்டடம். அந்தக் காலத்து மதிப்பு அதற்குக் கீழேதான் இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பதிவேட்டின் பிரதியை எடுக்காமல் யாரோடும் பேச்சுக்கு உட்காராதீர்கள்.

கடை சட்டத்துக்குள் வந்தால் உங்களை எழுப்புவது அவருக்குக் கடினம். வாடகைப் பாக்கி, எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தைப் பாழாக்குதல், சொந்தக்காரருக்கே அந்த இடம் நியாயமாகத் தேவைப்படுதல்: வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணங்கள் இவைதான். "இடித்துப் பெரிதாகக் கட்டி ஆட்களுக்கு வாடகைக்கு விடப் போகிறேன்" என்பது இதில் எதிலும் அப்படியே பொருந்தாது. வெளியே இருந்தால் நிலைமை வேறு. மாத வாடகையை ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து முடிக்கலாம். ஆனாலும் நீங்கள் எழும்பவில்லை என்றால் அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 2023ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, குத்தகை முடிந்த இடத்தைச் சீக்கிரம் மீட்பதற்கு. யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தலாம். அது எழுதிய குத்தகைப் பத்திரத்தை வைத்து நடக்கும் வழக்கு. உங்களிடம் பத்திரமே இல்லை.

பூட்டை உடைக்கிறது, கூரைத் தகரத்தைக் கழற்றுகிறது, இதெல்லாம் யாருக்கும் முடியாது. செய்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவான் முன் போகலாம். வெளியே தள்ளி இரண்டு மாதத்துக்குள் என்றால் திரும்ப உள்ளே விடச் சொல்லி உத்தரவு எடுக்க முடியும். "66 கேஸ்" என்று டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது காசு. கடைக்கு இத்தனை வருஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு பட்டியல் கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு அளவுகோல் இருக்கிறது. சொந்தக்காரர் தான் குடியிருப்பதற்கு ஒரு வீட்டை மீட்க வழக்குப் போடும் ஒரு வகையில், பத்து வருஷ வாடகை அல்லது 1,50,000 ரூபாய், இதில் எது கூடவோ அதை முன்கூட்டியே தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும் என்று 2002இல் திருத்தம் கொண்டு வந்தார்கள். அது வாடகைக்காரருக்குப் போகிற காசு. வீட்டுக்கு உரிய விதி, உங்கள் கடைக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனால் எழும்பிப் போகிற ஒருவனுக்குப் பத்து வருஷ வாடகை பெரிய காசில்லை என்று பாராளுமன்றமே ஒரு காலத்தில் நினைத்திருக்கிறது. உங்களுடைய 18,000க்கு அது 21 லட்சத்து 60 ஆயிரம். அதைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. ஐம்பதாயிரத்தை யாராவது பெருந்தன்மை என்று சொல்லும்போது இந்தக் கணக்கு உங்கள் மனதில் இருக்கட்டும்.

அப்பா சொன்ன "சரி" கடையை எடுத்துவிடாது. எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், சாவியைக் கையில் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான்.

மஸ்கெலியா_டவுன்

தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா கடை வைத்திருந்த பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும், அதைப் பார்க்கக் கூட்டம் போகும். அந்தக் கடை அப்படிப் போனது. அதன் பிறகு புது டவுனில் அப்பா வாடகைக்கு எடுத்த கடை நான் சொல்லப் போகிற மாதிரிப் போனது.

2011இல் எங்கள் கட்டடச் சொந்தக்காரர் இடித்துக் கட்ட வேண்டும் என்றார். காசு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "புதுக் கட்டடத்தில் கீழ்மாடியில் முதல் கடை உங்களுக்குத்தான்" என்றார். எங்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள். ஒன்றரை வருஷம் என்றது மூன்று வருஷமானது. அதற்குள் அப்பா ஒரு கடைத் திண்ணையில் சில்லறைச் சாமான் வைத்து விற்றார். கட்டடம் எழும்பியதும் கீழ்மாடி முழுவதையும் ஒரே ஆளுக்குப் பெரிய வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள். தாளைத் தூக்கிக்கொண்டு லோயரிடம் போனோம். அவர் வாசித்துவிட்டு மெதுவாக மடித்துத் திருப்பித் தந்தார்.

இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும், பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1840! அப்பாவின் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே இருந்த சட்டம், எங்களுக்கு 2014இல்தான் தெரிய வந்தது. முத்திரை ஒட்டினால் போதும் என்று இன்றைக்கும் டவுனில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

அதனால் காசைவிட முதலில் அதைக் கேளுங்கள். திரும்பி வருவதற்கான உரிமை. எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை சதுர அடி, எத்தனை மாதத்துக்குள், வாடகை எவ்வளவு, பிந்தினால் மாதத்துக்கு என்ன தருவார். எல்லாம் பிரசித்த நொத்தாரிசின் உறுதிப் பத்திரத்தில் வர வேண்டும். நொத்தாரிசு நீங்கள் போகிற ஆளாக இருக்கட்டும்.

அப்பா 2016இல் போய்விட்டார். கடைசி வரை அந்தக் கட்டடத்துப் பக்கத்து வழியாக நடக்க மாட்டார், எதிர்ப்பக்கம் மாறித்தான் போவார்.

ஹட்டன்_தையல்கடை_மகள்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. கோர்ட்டு_வாசல் ஐயா, வாடகையை மறுநாளே கட்டிவிட்டேன். மகன் முதலில் வேண்டாம் என்றார், அப்பா பேசாமல் மேசையில் வைத்துவிட்டு ரிசீட்டுக்காக நின்றார். எழுதித் தந்தார்.

மஸ்கெலியா அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதிர்ப்பக்கம் மாறிப் போவார் என்ற இடத்தில் "போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "அந்தத் தாளைப் பற்றி எழுதியிருக்கிறதைத் திரும்ப வாசி" என்றார்.

பழைய ரிசீட்டுகளைத் தேடினோம். அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். 1989 முதல் 1993 வரை கறையான் தின்றுவிட்டது. 1994இலிருந்து ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. அதில் ஒன்றின் பின்பக்கத்தில் பழைய முதலாளியின் கையெழுத்தில் "முன்பணம் ரூ. 40,000 பெற்றுக்கொண்டேன், இடம் விடும்போது திருப்பித் தரப்படும்" என்று எழுதி 1996 மார்ச் மாதத் தேதி போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அது மறந்தே போயிருந்தது. அந்தக் காசுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார்களாம். அம்மா மறக்கவில்லை.

நகரசபையில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்துவிட்டது. அந்தக் கட்டடம் மொத்தமாகவே 4,000 ரூபாய்க்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

பதிவேட்டில் இன்னொன்றும் கண்டேன். சொந்தக்காரர் பெயர் இன்னும் காலமான முதலாளியின் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு நாலு பிள்ளைகள். இது ஏதாவது சிக்கலா?

அப்பா கோர்ட்டுக்குப் போக மாட்டார். அதை முன்பே சொல்லிவிடுகிறேன். "அந்த மனுஷன் எனக்கு இடம் தந்தவர். அவர் பிள்ளையைக் கூண்டில் ஏற்றி நான் என்ன தைக்கப் போகிறேன்" என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை.

கோர்ட்டு_வாசல்

சிக்கல்தான், ஆனால் உங்களுக்கு வந்த சிக்கல் இல்லை, அவருக்கு வந்தது. நாலு பிள்ளைகள் என்றால் நாலு பேரும் பங்குக்காரர். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் புதுக் கட்டடத்தில் இடம் தருகிறேன் என்றால், நாளைக்கு மற்ற மூவரில் ஒருவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமிருக்கிறது. உறுதி எழுதுகிற அன்று நாலு பேரும் வர வேண்டும், இல்லையென்றால் வர முடியாதவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அட்டோர்னித் தத்துவம் கொடுத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் எடுக்கிறார் என்றால் வங்கியும் இதையேதான் கேட்கும். ஆகவே எப்படியும் அவர் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

கோர்ட்டு வேண்டாம் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. செலவில்லை, லோயர் தேவையில்லை, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுகிற இடம். உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு அதுதான் சரி. இணங்கினால் எழுதித் தருவார்கள். ஆனால் கடைக்கான உரிமை நொத்தாரிசிடம்தான் போக வேண்டும். இதை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, உறுதி வரைவை அவர்களிடம் காட்டலாம்.

அந்த 40,000 துண்டை நாலு பிரதி எடுத்து வையுங்கள். மூலத்தை யாருக்கும் கையில் கொடுக்காதீர்கள், காட்டுவதற்குக்கூட.

லண்டனில்_ஒரு_பதுளைக்காரன்

இங்கே நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் பங்காளி. இதே மாதிரி எங்களுக்கும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இடித்துக் கட்டுவதற்காகக் கடைக்காரரின் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தால், வரிக்காகப் போட்ட ஆண்டு மதிப்பின் அளவு நஷ்டஈடு. 14 வருஷம் அல்லது அதற்கு மேல் அந்த இடத்தில் வியாபாரம் நடந்திருந்தால் அதில் இரண்டு மடங்கு. 36 வருஷத்துக்கும் அதே இரண்டு மடங்குதான், அதற்கு மேல் ஏறாது. சொந்தக்காரர் உண்மையாகவே கட்டப் போகிறார் என்பதை நிரூபிக்கவும் வேண்டும், வாயால் சொன்னால் பத்தாது. ஆனால் குத்தகை எழுதும்போதே இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிவிடுகிற வழக்கமும் இங்கே உண்டு. எங்களிடம் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள். வாசிக்காமல் போட்டோம், வெறுங்கையோடு வந்தோம்.

உங்கள் ஊருக்கு இது பொருந்தாது. பேசும்போது ஒரு நியாயமாக எடுத்து வைக்கலாம் என்றுதான் எழுதினேன்.

பண்டாரவளை_கட்டடம்

நான் மறுபக்கத்து ஆள். சொந்தக்காரன். 2018இல் எங்கள் தாத்தா காலத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டினேன், அதில் மூன்று வாடகைக்காரர்கள் இருந்தார்கள். அதனால் அந்த முதலாளி மகனுக்கு என்ன நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். மழைக்கு மண்மேடு ஈரமாகும்போது ராத்திரி தூக்கம் வராது. சுவர் விழுந்து ஆள் செத்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். கட்டடத்தில் வருகிற வாடகை அதைத் திருத்தக்கூடப் போதாது. அவர் கட்ட நினைப்பது பேராசை என்று மட்டும் எடுக்காதீர்கள்.

ஆனால் ஐம்பதாயிரம் சரியில்லை.

நான் எப்படிக் கணக்குப் போட்டேன் என்று சொல்கிறேன். மூன்று பேரையும் கூப்பிட்டு, இந்த வேலை நடக்கிற காலத்தில் நீங்கள் வேறிடத்தில் கொடுக்கப் போகிற வாடகைக்கும் எனக்குக் கொடுக்கிற வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் தருகிறேன் என்றேன். அது முதல். ராக்கை, கண்ணாடி, போர்டு கழற்றி மாட்டுகிற செலவு இரண்டாவது. வாங்கிய அட்வான்ஸ் முழுவதும் மூன்றாவது. ஒருவருக்குக் கடையை மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது, அவருக்கு முன்னாலிருந்த என் வாகனக் கொட்டிலைத் தகரம் அடித்துக் கொடுத்தேன். கட்டி முடிய மூவரும் திரும்ப வந்தார்கள். வாடகை கூடியது, ஆனால் முதல் இரண்டு வருஷம் வெளியாளுக்குச் சொன்ன வாடகையில் பாதி. இன்றைக்கு என் கட்டடத்தில் ஒழுங்காக வாடகை கட்டுகிறவர்கள் அந்த மூன்று பேரும்தான்.

ஒன்று பார்க்க மறக்காதீர்கள். அவரிடம் அனுமதி எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். மலைநாட்டில் கட்ட வேண்டும் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும், அதற்குப் பிறகுதான் நகரசபை வரைபடத்தை எடுக்கும். பின்னால் மண்மேடு என்கிறீர்கள். நாலு மாடிக்கு அங்கே அனுமதி கிடைக்குமா என்பதே கேள்வி. அது கையில் வராமல் உங்களை ஏப்ரலில் எழுப்பினால், கடை பூட்டிக் கிடக்கும், மேடும் அப்படியே கிடக்கும். அதே நேரம் அந்த வெடிப்பை நீங்களும் லேசாக எடுக்காதீர்கள். நகரசபைத் தொழில்நுட்ப அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆபத்து என்று அவர் எழுதித் தந்தால் நஷ்டஈட்டுப் பேச்சுக்காக அப்பாவை அந்தச் சுவருக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள்.

ஹட்டன்_தையல்கடை_மகள்

பண்டாரவளை ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் கணக்காக மாற்றினேன். வாடகை வித்தியாசம் மாதம் 17,000, கட்டுகிற காலம் 18 மாதம் என்று அவரே சொன்னது, அது 3,06,000. வெட்டு மேசை, ராக்கை, கண்ணாடி, வயரிங் மாற்ற 85,000. பழைய முன்பணம் 40,000. தரையும் கதவும் பரணும் அப்பா போட்டது, அதற்கு அப்பா ஒன்றும் எழுத வேண்டாம் என்றுவிட்டார். "அதில் நான் நடந்துவிட்டேனே" என்றார். கூட்டினால் 4,31,000. கீழே, திரும்பி வரும் உரிமை நொத்தாரிசு உறுதியில், நாலு பிள்ளைகளின் கையெழுத்தோடு என்று எழுதினேன். பின்தெருக் கடைக்கு வேண்டிய 6 லட்சத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். அது நாங்கள் பிறகு திரும்ப எடுக்கிற காசு, அதை அவர் தலையில் போடுவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

தொழில்நுட்ப அதிகாரி வந்து பார்த்தார். பின்பக்க ஐந்தடியைப் பாவிக்க வேண்டாம், கன மழை நாட்களில் கடையைத் திறக்க வேண்டாம் என்றார். ஓவர்லொக் மெஷினை முன்னால் கொண்டு வந்துவிட்டோம். இப்போது நிற்க இடமில்லை, ஆனால் பயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் கடைக்கு வந்தார். மாமாவும் இருந்தார். நான் தாளை வைத்தேன். அவர் மேலிருந்து கீழே வாசித்தார், முன்பண வரியில் நின்று "இது எங்கப்பா எழுதினதா?" என்றார். பிரதியைக் காட்டினேன். அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் 'ப' எழுத்தைப் போடுவார்" என்றார்.

மண்சரிவு அனுமதிக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லையாம். அதைக் கேட்டதும் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒன்று மட்டும் கேட்டார். "தம்பி, எப்படியும் அனுமதி வர நாளாகும். தீபாவளி முடிய எழும்புகிறேனே." அதற்கு உடனே சம்மதித்தார். 4 லட்சத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், மீதியைக் கேட்காதீர்கள் என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். திரும்பி வருகிற கடை கீழ்மாடியில், ரோட்டுப் பக்கம், இதே அளவு. வாடகைதான் இன்னும் முடிவாகவில்லை. வெளியாளுக்குச் சொல்வதில் பாதி என்ற பண்டாரவளைக் கணக்கைச் சொன்னேன், தங்கச்சிமாரிடம் கேட்க வேண்டும் என்றார். அவர்களில் ஒருவர் கனடாவில். அட்டோர்னித் தத்துவம் வந்த பிறகுதான் உறுதி. அதுவரை ஒவ்வொரு மாதமும் வாடகை கட்டி ரிசீட் வாங்குகிறோம், ஐயா.

அப்பா இப்போது ஒன்பதாவது அளவுக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் போன் நம்பர் கேட்கிறார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவர்கள் சொல்லச் சொல்ல, இடுப்பளவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதுகிறார். எழுதிய பிறகு ஒரு தடவை திருப்பி வாசித்துக் காட்டுகிறார். நேற்று வரை 212 நம்பர் சேர்ந்திருக்கிறது.